அன்றைக்குக் கூரை இல்லை

இப்போதெல்லாம் எவனும் குனிந்து வீட்டுக்குள் வருவதில்லை. வாசலில் நிற்கிறான். செருப்பைக் கழற்றாமல் நிற்கிறான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரு வூட்ல?" என்கிறான். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். ஓட்டுக் கேட்கிறவன், அம்மை குத்துகிறவன், சுரங்க வேலைக்கு ஆள் பிடிக்கிறவன், எல்லாரும் அப்படித்தான். எங்கள் வாசல் தாழ்ந்த வாசல். காய்ந்த கரும்புத் தோகை, நாங்கள் சோகை என்போம், அதில் வேய்ந்த கூரை இடுப்பு மட்டத்துக்கு இறங்கி நிற்கும். உள்ளே வர வேண்டுமானால் முதுகு வளைய வேண்டும். முதுகு வளைப்பது எங்கள் தெருக்காரர்கள் வேலை என்று மற்றவர்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒருவன் குனியாமல் போனதால்தான் எனக்கு மனை இல்லாமல் போனது.

நான் கொளஞ்சியப்பன். கம்மாபுரம் பக்கத்தில் ராஜாங்கம் என்கிற பெரிய விவசாயியின் நிலத்தில் பிறந்து, அதே நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி, கரும்பு வெட்டி, நரைத்தவன். வீடும் அவர் மண்ணில்தான். மண் அவருடையது, சுவர் நான் வைத்தது. எங்கள் தெருவில் எல்லா வீடும் அந்தக் கணக்குதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டத் தொடங்கினார்கள். முதலில் கிணற்றுத் தண்ணீர் கீழே போனது. பிறகு நிலத்தைக் கேட்டார்கள். ராஜாங்கத்துக்கு நிலத்துக்கான பணம் வந்தது. அவர் குள்ளஞ்சாவடியில் மாடி வீடு கட்டப் போனார். எங்களுக்கு மண் இல்லை, ஆகவே மண்ணுக்குப் பணமும் இல்லை. வீட்டுக்கு ஒரு மனை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். வடக்குத்துப் பக்கம் முந்திரிக்காட்டை வெட்டிச் சதுரம் சதுரமாகக் கல் நட்டிருந்தார்கள். யார் வீடு கணக்கில் ஏறுகிறதோ அவனுக்கு ஒரு சதுரம்.

கணக்கெடுக்க ஆள் வருவான் என்றார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை.

அவன் வந்தது பங்குனியில். பங்குனி எங்கள் தெருவில் கூரை மாற்றுகிற மாதம். கரும்பு வெட்டு முடிந்து சோகை கிடைக்கும். ஒருத்தன் தன் கூரையைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது. தெரு ஆண்கள் அத்தனை பேரும் ஒரு வீட்டில் ஏறிப் பழையதைப் பிடுங்கிப் போட்டுப் புதுசு போடுவார்கள். அடுத்த நாள் அடுத்த வீடு. மேற்குக் கோடியில் தொடங்கிக் கிழக்கே போகிற முறை. முறை தவறினால் சண்டை வரும், மண்டை உடையும். எந்த வீட்டுக் கூரை பிரிந்திருக்கிறதோ அந்த வீட்டுக்காரர்கள் முந்திரி மரத்தடியில் சட்டி பானையோடு கிடப்பார்கள்.

என் முறை வந்தபோது பக்கத்து வீட்டு அமிர்தம் வந்து நின்றாள். புருஷன் செத்தவள். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள்.

"அண்ணே, எம் பொண்ணு இன்னிக்கோ நாளைக்கோன்னுகினு கீறா. உங்க முறைய எனக்கு வுட்டுக்குடுங்க. புள்ள பொறந்தப்பறம் மரத்தடியில போட்டுகினு கெடக்க முடியுமா?"

"உம் பொண்ணு புள்ள பெக்கறதுக்கு நானா பொறுப்பு?" என்றேன்.

உள்ளேயிருந்து என் பெண்டாட்டி வீரம்மாள் கத்தினாள். "வுட்டுக் குடுய்யா! ஒரு நாள் தள்ளிப் போட்டா உன் கிரீடம் எறங்கிப்பூடுமா?"

விட்டுக்கொடுத்தேன். மனசார இல்லை. அவள் வாய்க்குப் பயந்து விட்டுக்கொடுத்தேன். அன்று அமிர்தத்தின் கூரை ஏறியது. மறுநாள் காலையில் என் கூரையைப் பிடுங்கினோம். கூரை உச்சியைத் தாங்குகிற மோட்டு வளை மட்டும் எலும்பு மாதிரி மேலே நின்றது. அப்போதுதான் ஜீப் வந்தது.

ஜீப் தெருவுக்குள் வரவில்லை. தெரு முனையில் புளியமரத்தடியில் நின்றது. கணக்கெடுக்கிறவன் இறங்கினான். தலையாரி ராஜேந்திரன் அவனுக்குக் குடை பிடித்தான். எங்கள் தெருவுக்குள் கால் வைத்தால் வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டிய ஆள், அந்தக் கணக்கெடுக்கிறவன். அதனால் முனையில் நின்றபடியே கையை நீட்டி முகடுகளை எண்ணினான். அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்த கூரை எல்லாம் வீடு. தெரியாதது வீடு இல்லை. நான் சோகைக் கட்டைத் தலையில் வைத்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே வருவான், விசாரிப்பான் என்று நினைத்தேன். அது என் புத்தி. அவன் ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். சாயங்காலம் என் கூரை முழுசாக நின்றது. அவன் திரும்பி வரவில்லை.

சில நாள் கழித்துத் தலையாரி தார் டின்னோடு வந்து சுவர்களில் நம்பர் போட்டான். அமிர்தத்தின் சுவரில் போட்டான். என் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டில் போட்டான்.

"டேய் ராஜேந்திரா, இது இன்னா, கோயிலா? தாண்டிப் போற?"

"உன் வூடு கணக்குல இல்ல."

"தோ நிக்குதே!"

"இன்னிக்கி நிக்குது. அன்னிக்கி நிக்கல. ஆபீசருங்க அன்னிக்கி இருந்தததான் எழுதுவாங்க. எங்கிட்ட ஏன் சண்டைக்கி வர?"

"அன்னிக்கி நீதான கொடை புடிச்சிகினு நின்ன? சொல்றதுக்கு வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"கொடை புடிக்கத்தான் கூப்புட்டாங்க. பேசறதுக்குக் கூப்புடல" என்று சொல்லித் தார் டின்னைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஆவணி வரைக்கும் நடையாய் நடந்தேன். கேட்ட ஆபீசில் எல்லாம் ஒரே பேச்சு: அன்றைக்குக் கூரை இல்லை. சுரங்கத்து மண்மேடு எங்கள் பக்கம் வளர்ந்துகொண்டே வந்தது. ராத்திரியும் பகலும் சுரங்க மெஷினின் பெரிய சக்கரம் மண்ணைக் கிளறுகிற சத்தம். ஐப்பசி மழைக்குள் தெருவைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். வீரம்மாளுக்கு இழுப்பு. ஈரத்தில் படுத்தால் மூச்சு நிற்கிற மாதிரி ஆகிவிடும். மழையில் அவளை எங்கே கிடத்துவது என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. மற்றதெல்லாம் பேச்சு.

அந்தப் பேச்சோடு வந்தவர்தான் வக்கீல் சக்கரபாணி. கடலூர்க்காரர். சுரங்கத்துக் காண்ட்ராக்ட் ஆட்களின் சங்கத்துக்கு வழக்குப் பேசுகிறவர். முப்பது வயசிருக்கும். நல்ல பூட்ஸ். என் வாசலில் வந்து நின்றார்.

"பெரியவரே, உங்க விஷயம் கேள்விப்பட்டேன். காசு வேண்டாம். இந்த வழக்கை நான் நடத்துறேன்."

காசு வேண்டாம் என்கிறவனைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். "உள்ள வந்து குந்துங்க, பேசலாம்" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லை, பரவாயில்லை, இப்படியே சொல்றேன். உங்களுக்கு ஒரு உரிமை இருக்கு. பாரிஸ் பட்டணத்துல உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து நாப்பத்தெட்டுலயே ஓர் அறிக்கை எழுதியிருக்காங்க. அதுல இருபத்தஞ்சாவது பிரிவு. மனுஷனாப் பொறந்த ஒவ்வொருத்தனுக்கும் சோறு, துணி, வீடு, வைத்தியம் இதெல்லாம் உரிமை. பிச்சை இல்லை, உரிமை. நம்ம நாடும் அதுக்குக் கை தூக்கியிருக்கு."

"எந்த ஊர்ல எழுதினாங்க?"

"பாரிஸ்."

"அங்க எங்க தெரு தெரியுமா?"

"தெரியணும்னு இல்லை. உலகத்துல இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து எழுதினது."

"நாப்பத்தெட்டுலயே எழுதிட்டாங்கன்றீங்க. ஆகி எவ்ளோ வருஷம் ஆவுது? எனக்கு ஒருத்தனும் சொல்லலியே."

"அதான் நான் வந்து சொல்றேன்" என்று சிரித்தார். "அதைச் சட்டமா ஆக்கறதுக்கும் இன்னொண்ணு எழுதிட்டிருக்காங்க. எல்லா நாடும் கையெழுத்துப் போடணும். அதுலயும் வீடு வருது."

"எழுதி முடிக்கட்டும். அதுக்குள்ள என் அடுப்படியில கரி வெட்டி முடிச்சிருப்பாங்க."

வீரம்மாள் ஒரு லோட்டாவில் மோர் கொண்டு வந்தாள். குனிந்து வெளியே வந்து நீட்டினாள். வக்கீல் வாங்கினார். குடித்தாரா என்றால், உதட்டில் வைத்தார். கீழே வைத்தபோது லோட்டா நிறைந்துதான் இருந்தது.

அவர் போனதும் வீரம்மாள் சொன்னாள்: "நல்ல புள்ளயாத்தான் தெரியுது."

"உள்ள வந்தானா?"

"உள்ள வந்தாத்தான் நல்லவனா? ஒரு நாதியும் இல்லாதவனுக்கு வந்து பேசறான். போயி நில்லுய்யா."

மறுபடியும் அவள் வாய்தான். போய் நின்றேன்.

வக்கீல் போட்ட மனுவுக்கு விசாரணை நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு ஷெட்டில் நடந்தது. நானும் வீரம்மாளும் அமிர்தமும் நடந்து போனோம். அமிர்தம் சாட்சிக்கு. டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ். எந்த ஜில்லாவிலிருந்தோ வந்த பர்மனெண்ட் ஆட்களுக்கு. வீட்டுக்கு வீடு குழாய். அந்தக் குவார்ட்டர்சுக்கு அஸ்திவாரம் தோண்டியதில் நானும் ஒருத்தன். கதவெல்லாம் உயரம். ஒருத்தன் தலையில் மூட்டையோடு நிமிர்ந்து உள்ளே போகலாம்.

"கதவப் பாத்தியா?" என்றேன் வீரம்மாளிடம்.

"பாத்துகினேதான் வரேன். வாய மூடிகினு நட" என்றாள். இழுப்பு அவளுக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

ஷெட்டுக்கு வெளியே வக்கீல் என்னைத் தனியே அழைத்துப் போனார். "பெரியவரே, அன்னைக்குக் கூரை இருந்துச்சான்னு கேப்பாங்க. வீடு முழுசா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"கூரை இல்லியே."

"வேலை நடந்துட்டு இருந்துச்சு, அவ்வளவுதானே. வீடு இருந்துச்சு இல்ல?"

"உங்க பாரிசு காயிதத்துக்குப் பொய் தேவையா?"

அவருக்கு முகம் சிவந்தது. "உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்று உள்ளே போனார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் நிலம் எடுக்கிற ஆபீசர். பக்கத்தில் அந்தக் கணக்கெடுத்தவன், முடிக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். எங்களை வாசலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

"ஏம்பா, கணக்கெடுத்த அன்னைக்கு உன் வீட்டுக்குக் கூரை இருந்துச்சா, இல்லையா?" என்றார் ஆபீசர்.

"இல்லிங்க."

வக்கீல் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"செவுரு இருந்துச்சி. அடுப்பு இருந்துச்சி. மரத்தடியில எம் பொண்டாட்டி இருந்தா. பழச எடுத்துப் புதுசு போட்டுகினு இருந்தோம். நீங்க சட்ட மாத்தறப்ப எவனாவது வந்து பாத்துட்டு, இவுரு அம்மணம்னு எழுதிக்கினு போனா ஒத்துக்குவீங்களா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. "திமிராப் பேசாதே" என்றார்.

வக்கீல் எழுந்தார். பாரிஸ், இருபத்தஞ்சாவது பிரிவு, சோறு, துணி, வீடு என்று எங்கள் வாசலில் சொன்னதையே இங்கிலீஷ் கலந்து நல்ல குரலில் சொன்னார். வீடு என்றால் கூரை மட்டும் இல்லை. ஒருத்தன் பாதுகாப்பாக, மரியாதையாக இருக்கிற இடம். மண் யார் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கிறவனை மாற்று இடம் இல்லாமல் வெளியே தள்ளக்கூடாது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் அப்படி ஒரு இடம் இருக்கிற மாதிரி இருந்தது.

"நானும் படிச்சிருக்கேன் சார்" என்றார் ஆபீசர். "அது அறிக்கை. சட்டம் இல்லை. அது பாரிஸ், இது தென்னாற்காடு ஜில்லா."

வக்கீல் கணக்கெடுத்தவன் பக்கம் திரும்பினார். "நீங்க தெருவுக்குள்ள போனீங்களா?"

"முனையிலேர்ந்தே தெளிவாத் தெரிஞ்சுது."

"உள்ளே ஏன் போகலை?"

அவன் ஆபீசரைப் பார்த்தான். ஆபீசர் மேசையைப் பார்த்தார். "அது இங்கே கேள்வி இல்லை. அடுத்தது கேளுங்க" என்றார்.

வக்கீல் அடுத்ததைக் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. இருந்த ஒரே கேள்வி அதுதான். அதை வேண்டாம் என்றதும் கீழே வைத்துவிட்டார், மோர் லோட்டாவை வைத்த மாதிரி.

அமிர்தத்தைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். "சாமி, அன்னிக்கி பிரிஞ்சி கெடக்க வேண்டியது என் வூடு. எம் பொண்ணு புள்ளப்பேறுக்கு வந்திருந்தா. அண்ணன் அவுரு முறைய எனக்கு வுட்டாரு. எங்கூரை நின்னது அவரு புண்ணியம். இத எங்க வேணா சத்தியம் பண்ணுவேன். இன்னொரு வூட்டச் சேத்து எழுதிக்கங்க சாமி. பேனாவுலதான எழுதறீங்க, மண்வெட்டியிலயா?"

ஆபீசர் யோசித்தார். கணக்கெடுத்தவன் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். அவனுக்கு முதுகு வளையும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மனை எண்ணிக்கை மேலே போயாச்சு. ஒண்ணுகூடச் சேர்க்க முடியாது" என்றார் ஆபீசர். "ஆனா இந்தம்மா சொல்றதை ஒத்துக்கறேன். அன்னைக்கு நின்ன கூரை இவங்க ரெண்டு பேருக்கும் பொது மாதிரி. அதனால இந்தம்மா மனையில பாதி கொளஞ்சியப்பனுக்கு. ரெண்டு பேரும் விரல் வச்சிட்டுப் போங்க."

அமிர்தம் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்வேன்?

வெளியே வந்ததும் வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெயிச்சுட்டோம் பெரியவரே! நீங்க குடியிருந்தவர்னு ஒத்துக்கிட்டாங்க. மண் பேர்ல இல்லாதவனுக்கு வீட்டு உரிமை உண்டுன்னு ஒரு ஆபீசரே சொன்ன மாதிரி. பாதிதான். ஆனா கொள்கை ஜெயிச்சுடுச்சு."

"கொள்கையா?" என்றாள் அமிர்தம். "அந்தக் கொள்கைய எங்க தலையில வக்கறது? எனக்குக் குடுத்ததே ஒரு மாடு படுத்துப் பொரள எடம். அதுல பாதியா? உண்மையச் சொல்ல வந்தேன் பாரு, எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். அண்ணே, நீ திட்டம் போட்டுத்தான் என்ன இட்டாந்தியா?"

"வாய அடக்கு அமிர்தம். உம் பாதி எனக்கு வேணாம்."

"வேணாம்னா மழைக்கி எங்க படுப்ப?" என்று வீரம்மாள் என் மேல் பாய்ந்தாள். பேசும்போதே நெஞ்சு விசில் அடித்தது. "வெரல வச்சிட்ட இல்ல? அப்பறம் இன்னா வீராப்பு?"

விரல் வைத்தது உண்மைதான். மை இன்னும் காயவில்லை. வேட்டியில் துடைத்தேன், போகவில்லை.

நான் வக்கீலிடம் சொன்னேன்: "வக்கீலய்யா, உலகத்துல எல்லாருக்கும் வூடு உரிமைன்னீங்க. இந்த ஆபீசருங்ககிட்ட இருக்கிற காட்டுல இன்னும் ஒரு கல்லு தள்ளி நட முடியல. தாலி அறுத்தவ எடத்துல பாதிய வெட்டி எங்கையில குடுத்துட்டு உரிமைன்றாங்க. நாளைக்கி இன்னொருத்தன் வூடு கணக்குல இல்லாம வருவான். என் பாதியில பாதி வெட்டுவீங்க. அதுவும் ஜெயிச்ச கணக்குதானா?"

"இது முதல் படி. மேல்முறையீடு பண்ணலாம். நான் மெட்ராசுக்கு எழுதறேன்..."

"அவன் ஏன் உள்ள வரலன்னு கேட்டீங்களே, அத ஏன் வுட்டீங்க?"

"அதை அழுத்தியிருந்தா ஆபீசர் கோவிச்சுக்கிட்டு இதையும் குடுத்திருக்க மாட்டார்."

"நீங்களும் உள்ள வரல."

பாவம், அவர் குரலை இறக்கி, "வரேன். இப்பவே வரேன். வாங்க, உங்க வீட்டுக்கே போகலாம்" என்றார்.

பக்கத்தில் அதற்குள் சண்டை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அமிர்தம் குச்சியால் தரையில் ஒரு சதுரம் கிழித்தாள். குறுக்கே ஒரு கோடு போட்டாள். "எம் பொண்ணு கொழந்த அழுவும். ராத்திரில கத்துதுன்னு அண்ணன் ஏதாவது பேசனா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன். அடுப்பு எனக்குக் கெழக்கால." வீரம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். "நடுவுல செவுரு வாணாம்டி. செவுரு போட்டா ஆளுக்குப் படுக்க எடம் போயிடும். மேல ஒரே கூரையாப் போட்டுக்கலாம்" என்றாள். இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை.

சங்கு ஊதியது. ஷிப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளில் குவார்ட்டர்ஸ் பக்கம் போனார்கள். வக்கீல் பூட்ஸோடு என் பின்னால் நாலு எட்டு வந்தார்.

"இப்ப ஒண்ணும் குனிய வேணாம்" என்றேன் திரும்பிப் பார்க்காமல். "மோட்டு வளை பனமரம், எங்கப்பன் அறுத்தது. மெஷினு வர்றதுக்குள்ள எறக்கணும். கூரையப் பிரிக்கத்தான் போறேன். நிமிந்துகினே உள்ள வரலாம்."

அவர் ஏதோ சொன்னார். மெட்ராஸ் என்றோ பாரிஸ் என்றோ காதில் விழுந்தது. நான் கம்மாபுரம் ரோட்டைப் பிடித்து நடந்தேன்.